மீதிப் பதினொரு மாதங்கள்: புத்தகக் கண்காட்சி வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

புத்தகக் கண்காட்சிகளுக்கு வந்து பை நிறைய வாங்கிச் செல்லும் வாசகர்களுக்கு,

தமிழ்நாட்டில் ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டு நடத்தும் இலக்கியப் புத்தகக் கடைக்கு ஆண்டின் பன்னிரண்டு மாதமும் வாடகை உண்டு, மின்கட்டணம் உண்டு, சம்பளம் உண்டு. வாங்குகிறவர் கூட்டமோ ஜனவரியில் சென்னையிலும், மற்ற ஊர்களில் அந்தந்தக் கண்காட்சி நடக்கும் பத்துப் பன்னிரண்டு நாளிலும் திரண்டு, பிறகு கலைந்துவிடுகிறது. வாசிப்பவர்கள் குறைந்துபோனதால்தான் கடைகள் தள்ளாடுகின்றன என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. வாசிப்பவர்கள் இருக்கிறார்கள்; விடுமுறை நாளில் கண்காட்சி அரங்குகளில் நடக்க இடமில்லாமல் நெருக்கியடிக்கிறார்கள். அவர்கள் வாங்கும் இடமும் காலமும்தான் கடையை விட்டு விலகிவிட்டன. அந்த விலகல் எப்படி நேர்ந்தது, அதனால் எது கைநழுவுகிறது, ஒரு வாசகரால் அதில் எவ்வளவு சரிசெய்ய முடியும் என்பதே இந்த மடலின் பொருள்.

இங்கே கடை என்பது, எல்லாப் பதிப்பகங்களின் நூல்களிலிருந்தும் தானே பார்த்துத் தேர்ந்து வாங்கி அடுக்கி, எந்தப் பெரிய நிறுவனத்தின் கிளையாகவும் இல்லாமல் நடக்கும் கடை. சென்னையில் சிற்றிதழ் வாசகர்களிடையே பெயர் பெற்ற தி.நகர் நியூ புக்லேண்ட்ஸ், கே.கே. நகரில் வளர்ந்த டிஸ்கவரி புக் பேலஸ், திருவான்மியூரில் தொடங்கிய பனுவல், கோவை ராஜ வீதியின் விஜயா பதிப்பகம், காந்திய நூல்களோடு பிற பதிப்பக நூல்களையும் விற்கும் மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை, திருவண்ணாமலையின் வம்சி புக்ஸ் போன்றவை வாசகர்கள் நன்கறிந்த பெயர்கள். இவற்றில் சில பதிப்பும் செய்கின்றன. ஆனாலும் அலமாரியில் அடுத்தவர் நூலுக்கும் இடமுண்டு என்பதுதான் இவற்றைப் பதிப்பகங்களின் சொந்த விற்பனை நிலையங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

மாவட்டத் தலைநகர்களைத் தாண்டிப் போனால் வேறொரு வகைக் கடைதான் கண்ணில் படும். முகப்பில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் ஜாமெட்ரி பாக்ஸும். உள்ளே கோனார் தமிழ் உரையும் டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிகளும். ஒரு மூலையில் இரண்டு தட்டு நாவல், கட்டுரை, சமையல், ஜோதிடம். ஜூன் மாதப் பள்ளிக்கூட வியாபாரம்தான் அந்த மூலையைக் காப்பாற்றுகிறது. இலக்கியக் கடை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. என்றாலும் பல ஊர்களில் ஒரு பிள்ளை தன் முதல் கதைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் புரட்டிப் பார்த்த இடம் அதுதான். வாசகர் ஆதரவு என்று பேசும்போது இந்தக் கடைகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

இத்தொழிலின் வேர் நீளமானது. ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844இல் சென்னையில் தொடங்கிய கடை, இன்றும் இயங்கும் இந்தியப் புத்தகக் கடைகளில் மிகப் பழையது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் அது நடத்திய விற்பனை நிலையங்கள் வழியாகத்தான் வார இதழும் மாத நாவலும் பல ஊர்களுக்குப் பயணம் போயின. பழைய புத்தகங்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத் தீயில் அந்தக் கட்டடம் எரிந்த பின் அங்கிருந்த வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். திருவல்லிக்கேணிச் சாலையோரமும் மயிலாப்பூர் லஸ் முனையின் நடைபாதைக் கடையும் கல்லூரி மாணவர்களுக்கு நூலகமாகவே பயன்பட்டன. பாதி விலைக்கு வாங்கிப் படித்துவிட்டு அங்கேயே திருப்பி விற்ற மாணவர்கள் ஏராளம்.

தீவிர இலக்கியத்துக்கு இந்த வசதிகூட எளிதில் கிடைக்கவில்லை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தம் வெளியீடுகளைத் தாமே பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தமிழ்ப் புதுக்கவிதையின் ஆரம்ப காலத் தொகுப்புகள் இப்படித் தோளில் ஏறித்தான் வாசகரை அடைந்தன. சிற்றிதழ்களுக்குத் தட்டு ஒதுக்கிய கடைகள் ஒவ்வொன்றாகத் தோன்றிய பிறகே அந்தச் சுமை குறைந்தது. ஐந்து பிரதியோ பத்துப் பிரதியோ வாங்கி வைத்து, விற்ற பின் பணம் கொடுக்கும் ஏற்பாடு பெரிய லாபம் தரக்கூடியதல்ல. அந்தக் கடைக்காரர்கள் அதைச் செய்தார்கள். தமிழ் இலக்கிய வரலாறுகளில் அவர்களுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது வருத்தத்துக்குரிய குறை.

கடைகள் ஊர்தோறும் பெருகாததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணத்தில் அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறது. ஒரு தலைப்புக்குப் பல நூறு பிரதிகள் ஒரே ஆணையில் போய்விடும். சிறு பதிப்பகங்களுக்கு நூலக ஆணை உயிர் கொடுத்தது என்பதில் ஐயமில்லை. அதே சமயம், பதிப்பாளரின் கண் வாசகரைத் தேடுவதை விட்டு ஆணையை எதிர்பார்க்கப் பழகிவிட்டது. அச்சிட்டதில் பெரும்பகுதி ஒரே இடத்துக்குப் போகும்போது ஊர் ஊராக விற்பனையாளரைத் தேடி வளர்க்கும் வேலை பின்னுக்குப் போயிற்று. பக்கத்துக் கேரளத்தில் வேறு கதை நடந்தது. 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூடிச் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் நேஷனல் புக் ஸ்டால் கிளைகள் மலையாள நூல்களை நகரம் நகரமாகக் கடையில் வைத்து விற்றன. மலையாளி வாசகர் புத்தகம் வாங்கக் கடைக்குப் போகும் பழக்கத்தில் அந்த வலைப்பின்னலுக்குப் பெரும்பங்கு உண்டு.

தமிழ்நாட்டில் அந்த வெற்றிடத்தை நிரப்பியது கண்காட்சி. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி, 1977இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஸம் பள்ளி வளாகத்தில் முதல் சென்னைக் கண்காட்சியை நடத்தியது. நெய்வேலியில் 1998 முதலும், ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவையின் முயற்சியால் 2005 முதலும் கண்காட்சிகள் நடந்துவருகின்றன. 2022 முதல் அரசே எல்லா மாவட்டங்களிலும் நடத்த முற்பட்டது. இதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. புத்தகக் கடையே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் வந்து இறங்கி, நூற்றுக்கணக்கான கடைகளை ஒரே நாளில் பார்க்கிறார்கள். உண்டியலில் சேர்த்த காசை எடுத்து வந்து வாங்குகிறார்கள். இதை வேறெந்த ஏற்பாட்டாலும் செய்திருக்க முடியாது.

ஆனால் கண்காட்சி வளர வளர, ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வியாபாரம் சில வாரங்களுக்குள் சுருங்கியது. புதிய நூல்கள் பொங்கலை ஒட்டியே குவிகின்றன. அச்சகங்கள் டிசம்பரில் இரவும் பகலும் ஓடுகின்றன. ஜூலையில் தயாரான கையெழுத்துப் பிரதியைக்கூட ஜனவரிக்கென்று நிறுத்தி வைக்கிறார்கள். கண்காட்சியில் பதிப்பாளர் வாசகருக்கு 10 சதவீதம் கழித்து நேரடியாக விற்கிறார். கடைக்குத் தர வேண்டிய கழிவில் மீதி அவரிடமே தங்கிவிடுகிறது. அவர் நோக்கில் இது சரியான கணக்கு. அரங்க வாடகையும் அவர்தானே கட்டுகிறார். வாசகரோ, பிப்ரவரியில் கடையில் ஒரு நூலைப் பார்த்தாலும், “அடுத்த கண்காட்சியில் வாங்கிக்கொள்ளலாம், பத்து சதவீதம் கிடைக்கும்” என்று வைத்துவிட்டுப் போகிறார். அந்த இடத்தில்தான் கடைக்குச் சேதம் தொடங்குகிறது.

கணக்கைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். 300 ரூபாய் விலையுள்ள ஒரு நாவல். பதிப்பகம் கடைக்குத் தரும் கழிவு ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதத்துக்குள் இருக்கும். 35 என்று வைத்துக்கொண்டால் கடைக்கு 105 ரூபாய். வாசகர் 10 சதவீதம் கேட்டால் 30 போக 75 ரூபாய் மிஞ்சும். நடுத்தர ஊர் ஒன்றில் வாடகை 20,000, ஒரே ஒரு உதவியாளருக்குச் சம்பளம் 12,000, மின்சாரமும் சில்லறைச் செலவும் 3,000 என்று கொண்டால் மாதம் 35,000 ரூபாய். கழிவே கொடுக்காமல் விற்றால் இந்தச் செலவை ஈடுகட்ட மாதம் 334 பிரதிகள், அதாவது 26 வேலை நாளில் நாளொன்றுக்குப் பதின்மூன்று பிரதிகள் விற்க வேண்டும். 10 சதவீதம் கொடுத்தால் 467 பிரதிகள், நாளொன்றுக்குப் பதினெட்டு. இணையத்தில் கிடைக்கிறதே என்று 25 சதவீதம் கேட்கும் வாசகருக்கு ஈடுகொடுத்தால் ஒரு பிரதியில் மிஞ்சுவது 30 ரூபாய். மாதம் 1,167 பிரதிகள் போக வேண்டும். இவ்வளவும் கடைக்காரர் தன் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட எடுத்துப் போகாத கணக்கு. பார்சல் கூலியும் இதில் சேரவில்லை.

இன்னும் சில செலவுகள் வெளியே தெரியாதவை. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. வாசகருக்கு அது நல்லது. ஆனால் வரிவிலக்குப் பெற்ற பொருளை விற்பவர், தாம் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. கடை வாடகைக்கு 18 சதவீத வரி விழுந்தால் அது முழுவதும் கடைக்காரர் தலையில்தான். செருப்புக் கடைக்கும் துணிக்கடைக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அடுத்தது, விற்காமல் தங்கும் பிரதிகள். ரொக்கம் கொடுத்து வாங்கியது திரும்பப் போகாது. மழைக்காலத்தில் ஈரம் ஏறித் தாள் பழுக்கும். இராமபாணப் பூச்சி அட்டையைத் துளைக்கும். மேல் தட்டில் நின்றது முதுகுப்பக்கம் வெளுக்கும். மூன்று வருடம் நின்ற புத்தகத்தைப் பழைய விலைக்கே எடுத்துத் தருவதில் வாசகருக்குக் கிடைக்கும் லாபம், கடைக்காரரின் முடங்கிய முதலிலிருந்து வருவது.

விலைக்கழிவுப் போட்டி தமிழ்நாட்டின் தனிப் பிரச்சினை அல்ல. பிரான்சில் 1981இல், பண்பாட்டு அமைச்சராக இருந்த ஜாக் லாங்கின் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. புதிய நூலின் விலையைப் பதிப்பாளரே நிர்ணயிப்பார். எந்தக் கடையும் 5 சதவீதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது. இணைய நிறுவனங்கள் அஞ்சல் கட்டணத்தை ஒன்றுமில்லாமல் ஆக்கி அந்தச் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது, 35 யூரோவுக்குக் குறைந்த ஆணைக்கு 3 யூரோவாவது அஞ்சல் கட்டணம் வாங்க வேண்டும் என்ற விதி 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பிரிட்டனில் நிலைமை எதிர்த்திசையில் போயிற்று. 1900இலிருந்து இருந்த நிலைவிலை உடன்பாடு 1990களில் உடைந்தது. பல்பொருள் அங்காடிகள் விற்பனையில் முன்னிற்கும் நூல்களை அடிமாட்டு விலைக்கு விற்றன. சிறு கடைகள் நிறைய மூடின. இந்தியாவில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆகையால் இங்கே கடையைக் காப்பது சட்டத்தின் கையில் இல்லை, வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

அஞ்சல் கட்டணம் தமிழ்க் கடைகளுக்கு நேரடியாகவே வலிக்கும் விஷயம். வெளியூர் வாசகருக்கு நூல் அனுப்பப் பல ஆண்டுகளாகக் கைகொடுத்தது பதிவு நூல் அஞ்சல். 2024 டிசம்பரில் அஞ்சல் துறை அதை நிறுத்தியபோது சிறு பதிப்பகங்களும் கடைகளும் திகைத்தன. கூரியரில் அனுப்பினால் மெல்லிய கவிதைத் தொகுப்பு ஒன்றின் விலையில் பாதி அனுப்பும் செலவுக்கே போய்விடும். 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ வந்தது. 300 கிராமுக்கு 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. கல்வி, பண்பாடு, சமயம் சார்ந்த அச்சு நூல்களுக்கான சேவை இது. வெளியூரிலிருந்து கேட்டு வாங்கும் வாசகர், ஒவ்வொன்றாகக் கேட்காமல் நாலைந்து நூல்களைச் சேர்த்து ஒரே கட்டாகக் கேட்டால் செலவு இருவருக்கும் குறையும்.

இனி, கடை எதைத் தருகிறது என்பது. தமிழில் எல்லாப் பதிப்பகங்களின் அச்சிலுள்ள நூல்களையும் ஒரே இடத்தில் காட்டும் பட்டியல் இல்லை. சிறு வெளியீடுகள் பலவற்றுக்கு ஐஎஸ்பிஎன் எண்கூட இருக்காது. இணையத் தேடலில் அவை அகப்படுவதே இல்லை. எந்த நூல் அச்சில் இருக்கிறது, எது தீர்ந்தது, எது வேறு பெயரில் வேறு பதிப்பகத்திலிருந்து வந்திருக்கிறது என்பதெல்லாம் கடைக்காரர் நினைவில்தான் இருக்கின்றன. எழுத்தாளர் பெயர் தெரியாமல், அட்டை நிறத்தையும் கதையில் வரும் ஓர் ஊரையும் சொல்லிக் கேட்பவருக்குச் சரியான நூலை எடுத்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் உண்டு. அந்த நினைவு ஒரு தலைமுறை உழைப்பு. கடை மூடும் நாளில் அதுவும் போய்விடும்.

பதிப்புகளை ஒப்பிட்டு வாங்குவது கடையில் மட்டுமே கைகூடும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பின் யாரும் அச்சிடலாம் என்பதால் இன்று அதன் ஐந்து பாகங்களும் பல பதிப்பகங்களில், பல விலைகளில் கிடைக்கின்றன. திரையில் அட்டைப் படங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கடையில் மூன்று நான்கு தொகுதிகளை மேசைமேல் பிரித்து வைத்தால் வித்தியாசம் புலப்படும். ஒன்றில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் நெருங்கியிருக்கும்; அறுபது வயதுக் கண் பத்துப் பக்கம் தாண்டாது. ஒன்றில் வரிகள் முதுகோரம்வரை ஓடி, நூலை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்தால்தான் படிக்க முடியும். ஒன்றில் தாள் மெலிந்து பின்பக்க அச்சு முன்னால் நிழலாடும். ஒன்று ஒட்டிய கட்டு, முதல் பாகம் முடிவதற்குள் பக்கம் கழலும். இன்னொன்று தைத்த கட்டு, பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். ஓவியர் மணியம் தொடருக்கு வரைந்த படங்கள் இருப்பதும் இல்லாததும் அப்போதுதான் தெரியும். நூறு ரூபாய் குறைவென்று இணையத்தில் வாங்கிய தொகுதி படிக்கப்படாமல் அலமாரியில் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

புதுமைப்பித்தனுக்கும் இதே நிலைதான். அவர் கதைகளுக்குப் பல தொகுப்புகள் உண்டு. 2000இல் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்துக் காலச்சுவடு வெளியிட்ட முழுத் தொகுப்பு, கதைகள் முதலில் வெளியான இதழ், காலம், பாட வேறுபாடு ஆகியவற்றோடு வந்தது. பாடத்துக்காக நாலு கதை படிக்க வேண்டிய மாணவருக்கு மலிவான தொகுப்பு போதும். ஆய்வு செய்கிறவருக்குப் போதாது. எது யாருக்கு என்று இரண்டையும் எடுத்துக் காட்டிச் சொல்ல, விற்கிற பொருளைப் படித்த ஒருவர் கல்லாவுக்குப் பின்னால் வேண்டும்.

தேடிப் போனதோடு தேடாததும் கையில் கிடைப்பதுதான் கடையின் பேரின்பம். கி. ராஜநாராயணனைத் தேடி வந்தவர் பக்கத்துத் தட்டில் கு. அழகிரிசாமியைப் பார்க்கிறார், இருவரும் இடைசெவல்காரர்கள் என்று கடைக்காரர் சொல்ல, இரண்டு நூல்களோடு வீடு திரும்புகிறார். கணினி பரிந்துரைப்பது முன்பு வாங்கியதைப் போன்ற இன்னொன்றை. அலமாரி அப்படிப் பரிந்துரைப்பதில்லை. பறவை நூலுக்குப் பக்கத்தில் பஞ்ச காலத்து வரலாறும் அதற்குப் பக்கத்தில் நாட்டார் பாடல் தொகுப்பும் நிற்கும். முன்னுரையையும் நடுவில் ஒரு பக்கத்தையும் படித்துப் பார்த்து முடிவுசெய்வதுதான் நல்ல வழக்கம். பின்னட்டை வாசகம் புகழ்ந்துதான் பேசும். நடுப்பக்கம் பொய் சொல்லாது. அரை மணி நேரம் நின்று படித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவரை நல்ல கடைக்காரர் குறை சொல்வதில்லை. நூலின் அட்டையைப் படமெடுத்து, கடைக்குள்ளேயே நின்று இணையத்தில் விலை பார்த்து அங்கேயே ஆணை கொடுப்பது மட்டும் செய்யத் தகாதது.

சிறுவர் நூல்கள் கட்டாயம் கடையில் வாங்க வேண்டியவை. படத்தின் அளவும் நிறமும் தாளின் கனமும் குழந்தைக்கு எழுத்தைப் போலவே முக்கியம். 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகங்கள் வெளியிட்டுவரும் துளிகா, கையால் அச்சிட்ட பழங்குடி ஓவிய நூல்களால் உலகப் புகழ் பெற்ற தாரா போன்ற சென்னைப் பதிப்பகங்களின் நூல்களைத் தொட்டுப் பார்த்த குழந்தை அவ்வளவு எளிதில் கீழே வைப்பதில்லை. எந்த நூல் வேண்டும் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்க விட வேண்டும். பெற்றோர் எடுத்துக் கொடுக்கும் நீதிக்கதையை விட, அது தானே எடுத்த டைனோசர் புத்தகம் நாலு தடவை கூடுதலாகப் படிக்கப்படும்.

பல கடைகள் மாதக் கூட்டங்களையும் நூல் அறிமுகங்களையும் நடத்துகின்றன. இருபது நாற்காலி போட்ட அறையில் எழுத்தாளர் பேசுவதும், வாசகர் எழுந்து மறுப்பதும் பெரிய மேடைகளில் வாய்க்காத உரையாடல். அக்கூட்டங்களுக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அன்றைய நூலில் ஒரு பிரதி வாங்கினால் அந்தச் சாயங்காலத்தின் செலவு அடங்கிவிடும்.

ஆதரவு என்றால் நன்கொடை என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. கண்காட்சியில் ஒரே நாளில் 6,000 ரூபாய்க்கு வாங்கும் குடும்பம், அங்கே 3,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டு மீதியை மாதம் 250 ரூபாயாகத் தன் ஊர்க் கடையில் செலவிட்டால், செலவு கூடவில்லை. வாங்கிய நூல் படிக்கப்படும் வாய்ப்பும் கூடும். அப்படிப்பட்ட நூறு குடும்பங்கள் சேர்ந்தால் கடைக்கு மாதம் 25,000 ரூபாய் நிச்சய விற்பனை. நிச்சயம் என்ற அந்த ஒன்றுக்காகத்தான் கடைக்காரர் ஏங்குகிறார். கேட்ட நூல் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லி, கொஞ்சம் முன்பணமும் கொடுத்துவிட்டு வருவது மிகப் பெரிய உதவி. சொல்லிவிட்டு வாங்க வராமல் இருந்துவிடுவது அதே அளவு உபத்திரவம்.

முன்பணம் கொடுத்து நூலை வரவழைப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை அச்சிட்டபோது, பொருளுதவி செய்வதாகக் கையொப்பமிட்டவர்களை நம்பித்தான் அச்சுக்கூடம் போனார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று பதிப்பகங்கள் அறிவிப்பதும் அதே வழிதான். அந்தத் திட்டங்களைக் கடைகள் வழியாகவும் நடத்தப் பதிப்பகங்கள் முன்வந்தால், ஊரில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது கடைக்கும் தெரியும். தடித்த தொகுப்புகளைத் துணிந்து வரவழைக்க அந்தத் தைரியம் வேண்டும்.

திருமண வீட்டில் தாம்பூலப் பையோடு ஒரு சிறு நூலும் கொடுப்பது பல குடும்பங்களில் வழக்கமாகிவருகிறது. மேடைகளில் பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தரும் பழக்கமும் பரவியிருக்கிறது. அவற்றை ஊர்க் கடையில் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லி வைத்தால், முந்நூறு பிரதிகள் என்பது சிறிய கடை ஒன்றுக்கு ஒரு மாத விற்பனைக்குச் சமமாகலாம். பள்ளி ஆண்டு விழாப் பரிசு, கல்லூரி நூலகக் கொள்முதல், குடியிருப்போர் சங்கத்தின் போட்டிப் பரிசு எல்லாம் இப்படிப்பட்டவையே. நிறுவனங்கள் வாங்கும்போது மூன்று கொட்டேஷன் கேட்டு அதிகக் கழிவு தருபவரைப் பிடிப்பதும், பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் சிறிய கடையை மூழ்கடித்துவிடும். பேராசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வாசகர்கள்தாம்; அவர்கள் கையெழுத்தில் இது நிற்கக்கூடியது.

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் பிடிஎஃப் கோப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிப்புரிமை முடிந்த நூல்களையும் நாட்டுடைமையானவற்றையும் இணைய நூலகங்களில் படிப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் முந்நூறு பிரதி மட்டும் அச்சாகும் புதிய கவிதைத் தொகுப்பையோ மொழிபெயர்ப்பையோ படமெடுத்துக் குழுவில் போடுவது அந்த நூலின் இரண்டாம் அச்சை நிறுத்திவிடுகிறது. அனுப்புகிறவர் பெரும்பாலும் நூலின் மேல் கொண்ட பிரியத்தால்தான் அனுப்புகிறார். அந்தப் பிரியத்துக்கு நேரான வழி, கடையின் பெயரையும் எண்ணையும் குழுவில் போடுவது.

மாவட்டக் கண்காட்சிகளை நடத்தும் நிர்வாகங்களிடம் வாசகர்கள் கேட்கத்தக்கது ஒன்று உண்டு. வெளியூர்ப் பதிப்பகங்கள் பத்து நாள் விற்றுவிட்டு லாரி ஏறிவிடும். அந்த மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் கடை வைத்திருப்பவருக்குக் குறைந்த வாடகையில், நுழைவாயில் அருகே ஓர் அரங்கு ஒதுக்கலாம். விற்காத பிரதிகளை ஊருக்குத் திருப்பிச் சுமக்காமல் அவரிடமே கணக்கில் விட்டுப் போகப் பதிப்பகங்கள் இசையலாம். லாரிக் கூலி மிச்சம். ஊர்க்காரருக்குக் கண்காட்சி முடிந்த மறுநாளும் அந்த நூல்கள் கிடைக்கும்.

கடைக்கும் கடமைகள் உண்டு. சிறிய கடை என்பதற்காக வாசகர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பதினாறு பக்கப் படிவம் ஒன்று விடுபட்டோ இரண்டு முறை சேர்ந்தோ வந்த பிரதியைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தர வேண்டும். அச்சிட்ட விலைமேல் புதிய விலைச் சீட்டு ஒட்டினால் காரணம் சொல்ல வேண்டும். வரவழைக்கச் சொன்ன நூல் வந்ததா, வராதா என்பதை ஒரு குறுஞ்செய்தியில் தெரிவிக்க வேண்டும். புதிதாக வந்தவற்றின் பட்டியலை வாரம் ஒருமுறை அனுப்பும் கடைகளுக்கு வெளியூர் வாசகர்களும் சேர்கிறார்கள். நிற்க முடியாதவர் உட்கார ஒரு நாற்காலி, குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தட்டு, படிக்கப் போதிய வெளிச்சம் ஆகியவை பெரிய செலவில்லாதவை. வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அன்று கடையைத் திறந்து திங்கட்கிழமை விடுமுறை விடுவது இருதரப்புக்கும் வசதி.